கிருமியை வேலைக்கு வைத்து ரசாயனம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "தம்பி என்ன வேலை?" என்று கேட்டு, நான் "கிருமி வளர்க்கிறேன்" என்று சொன்னால், சிலர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். ஒரு பைலட் பிளான்ட்டில் (சோதனை ஆலையில்) ஃபெர்மென்டேஷன், அதாவது நொதிக்க வைக்கும் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். உறவுக்காரர்களும் இன்டர்ன்ஷிப் வரும் பிள்ளைகளும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் லிங்க் அனுப்பிவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்கலாம்.

பாக்டீரியா ரசாயனம் செய்யுமா? இது புதுசா?

பழசு. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் லாக்டிக் அமிலம் பாக்டீரியா செய்த ரசாயனம்தான். தொழிற்சாலை அளவில் என்றாலும் நூறு வருடம் தாண்டிவிட்டது. முதல் உலகப்போரின்போது பிரிட்டனுக்குக் கார்டைட் என்ற வெடிமருந்து தயாரிக்க அசிட்டோன் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சைம் வைஸ்மன் என்பவர், மாவுச்சத்தை அசிட்டோனாகவும் பியூட்டனாலாகவும் மாற்றும் ஒரு பாக்டீரியாவைக் கையில் வைத்திருந்தார். மக்காச்சோளத்தைப் போட்டால் அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் மூன்றும் ஏறத்தாழ 3:6:1 என்ற கணக்கில் வரும். 1917-ல் சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளை விட்டு ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக் கொட்டைகளைப் பொறுக்கிவரச் சொன்னார்கள். அந்த வைஸ்மன்தான் பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர்.

அஜினமோட்டோ இன்னொரு உதாரணம். 1956-ல் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் கினோஷிதா ஷுகுவோ குழுவினர், அஜினமோட்டோவுக்கு மூலமான குளுட்டாமிக் அமிலத்தை வெளியே கசியவிடும் ஒரு மண் பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்கள். பயோட்டின் என்ற வைட்டமினைக் குறைத்துப் போட்டால் அதன் தோல் இளகி, அமிலம் வெளியே வந்து கொட்டும். மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. பட்டினி போட்ட விதத்திலேயே காரியம் நடந்துவிட்டது.

அப்புறம் எதற்கு மரபணுவை மாற்ற வேண்டும்?

பாக்டீரியா நமக்காக எதையும் செய்வதில்லை. தான் பிழைக்க எது தேவையோ அதைச் செய்கிறது. நமக்கு வேண்டியது அதில் தற்செயலாக அமைந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் அமையாது. சில பாக்டீரியா செய்யும், ஆனால் கொஞ்சமாகச் செய்யும். பியூட்டனால் லிட்டருக்கு 13 கிராம் அளவு சேர்ந்ததுமே அதைச் செய்த பாக்டீரியாவே மயங்கிவிடும். சில சரியான பொருளைச் செய்யும், ஆனால் நம் கையில் மலிவாக இருக்கும் சர்க்கரையைத் தொடாது. இன்னும் சில பொருட்களை உலகத்தில் எந்த உயிரும் செய்வதில்லை. ஸ்பான்டெக்ஸ் என்ற இழுபடும் நூலுக்குத் தேவையான 1,4-பியூட்டேன்டையால் அந்த வகை.

ஒரே ஒரு உதாரணத்தை முழுதாகச் சொல்ல முடியுமா?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். 1,3-புரோபேன்டையால் கதையைச் சொல்கிறேன். நிறமற்ற, கொஞ்சம் கொழகொழப்பான திரவம். இதையும் டெரஃப்தாலிக் அமிலத்தையும் சேர்த்தால் ஒரு பாலியெஸ்டர் கிடைக்கும். சாதா பாலியெஸ்டரை விட மென்மை, இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும், கம்பளத்துக்கு அருமையாக இருக்கும். அந்த பாலியெஸ்டரை 1941-லேயே தெரியும். புரோபேன்டையால் விலை அதிகமாக இருந்ததால் பல காலம் யாரும் சீண்டவில்லை.

கிளிசராலைப் புரோபேன்டையாலாக மாற்றும் பாக்டீரியா இயற்கையில் உண்டு. கிளெப்சியெல்லா அதில் ஒன்று. ஆனால் அதற்குக் கிளிசராலைத்தான் ஊட்ட வேண்டும். சர்க்கரையைக் கிளிசராலாக மாற்றுவதில் ஈஸ்ட் கெட்டிக்காரன், ஆனால் அங்கேயே நின்றுவிடும். சர்க்கரையில் தொடங்கிப் புரோபேன்டையாலில் முடிக்கும் ஒரே உயிர் எங்கும் இல்லை. டுபான்ட் நிறுவனமும் ஜெனென்கார் நிறுவனமும் ஈஸ்ட்டின் இரண்டு மரபணுக்களையும் கிளெப்சியெல்லாவின் சில மரபணுக்களையும் எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தன. முதல் பாதி வேலை ஈஸ்ட்டுடையது, அடுத்த பாதி கிளெப்சியெல்லாவுடையது, வீடு ஈ.கோலையுடையது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசிப் படி. அங்கே ஓர் ஆல்டிஹைடைப் புரோபேன்டையாலாக மாற்ற ஒரு நொதி வேண்டும். கிளெப்சியெல்லாவின் நொதியைத்தான் வைத்திருந்தார்கள். அந்த மரபணுவை எடுத்துவிட்டுப் பார்த்தால் உற்பத்தி நிற்கவில்லை, கூடியது! ஈ.கோலையின் வீட்டுக்குள்ளேயே, அதுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு நொதி இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்த பிறகு, வீட்டுப் பையனுக்கே வேலை தெரியும் என்று தெரிந்த மாதிரி.

பிறகு சர்க்கரை நுழையும் வாசலையே மாற்றினார்கள். ஈ.கோலை வழக்கமாக ஒரு குளுக்கோஸை உள்ளே இழுக்க, சர்க்கரையை உடைத்து உண்டாக்கிய ஒரு மதிப்புள்ள மூலக்கூறைச் செலவழிக்கும். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே கமிஷன் கொடுப்பது போல. அந்த வாசலை அடைத்துவிட்டு, செலவு குறைந்த வேறொரு வாசலைத் திறந்தார்கள். கிளிசராலைத் திரும்பத் தின்னும் வழிகளையும் அடைத்தார்கள்.

கடைசியில் லிட்டருக்கு 135 கிராம் வரை வந்தது. சர்க்கரையின் எடையில் 51 சதவீதம் புரோபேன்டையாலாக மாறியது. 2006-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் லூடன் என்ற ஊரில், மக்காச்சோளத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்றை ஒட்டி, ஆண்டுக்கு சுமார் 45,000 டன் தயாரிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது. அதை வைத்துச் செய்யும் சொரோனா நூலில் எடைக்கு 37 சதவீதம் சோளத்திலிருந்து வந்தது. மீதி பெட்ரோலியம்தான். "சோளத்தில் செய்த துணி" என்று விளம்பரத்தில் பார்த்தால் அந்த மீதியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மரபணுவை வெட்டி ஒட்டுவது இப்போது சுலபமாமே? ஏன் இவ்வளவு வருடம்?

வெட்டி ஒட்டுவது சுலபம்தான். கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி வந்த பிறகு, நான் படித்த காலத்தில் ஒரு செமஸ்டர் எடுத்த வேலையை இன்டர்ன் பிள்ளை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு மொபைலை நோண்டிக்கொண்டிருக்கிறது. "வந்துவிட்டது சார்" என்று ஃபிளாஸ்க்கைக் காட்டும். வந்திருக்கும், லிட்டருக்கு அரை கிராம்.

அந்த அரை கிராமை நூறு கிராம் ஆக்குவதில்தான் ஆயுசு போகிறது. புரோபேன்டையாலுக்கு ஏறத்தாழ 15 வருடமும், தலைக்கு ஒரு வருடம் என்று எண்ணினால் 575 ஆள்-வருட உழைப்பும் ஆனதாகச் சொல்வார்கள். காரணம் சர்க்கரைக் கணக்கு. பாக்டீரியாவுக்குப் போடும் ஒவ்வொரு கிலோ சர்க்கரைக்கும் மூன்று பேர் போட்டி போடுவார்கள். ஒன்று அதன் உடம்பு வளர. இன்னொன்று அதன் மூச்சு, அதாவது எரிந்து கரியமில வாயுவாகப் போவது. மிஞ்சினால் நமக்கு. மிச்சத்தைத் தராமல் இருக்க அது லட்சக்கணக்கான தலைமுறைகளாகப் பழகியிருக்கிறது.

காசில் பாருங்கள். சர்க்கரை கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 சதவீதம் மாறினால் ஒரு கிலோ பொருளுக்கு 2 கிலோ சர்க்கரை, 60 ரூபாய். 25 சதவீதம்தான் மாறியது என்றால் சர்க்கரைக்கே 120 ரூபாய். கரண்ட், ஆள், நீராவி எதுவும் இன்னும் சேரவில்லை. பல நல்ல ஆய்வுகள் இந்தக் கணக்கில்தான் படுத்துவிடுகின்றன.

ஈ.கோலை என்றால் வயிற்றுப்போக்கு வருமே, அதையா வளர்க்கிறீர்கள்?

அந்தக் குடும்பத்தில் போக்கிரிகள் உண்டு. நாங்கள் வளர்ப்பவை கே-12 போன்ற சாதுக்கள். கே-12 வம்சத்தை 1922-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு நோயாளியின் மலத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். அன்றிலிருந்து லேப் சாப்பாடு சாப்பிட்டே வளர்ந்ததில், மனிதக் குடலில் நிலைத்துத் தங்கும் சாமர்த்தியத்தை இழந்துவிட்டது. ஈ.கோலையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் வேறு: நல்ல ஊட்டத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், அதன் 46 லட்சம் எழுத்து மரபணுத் தொகுப்பு 1997-லேயே முழுதாகப் படிக்கப்பட்டுவிட்டது, எந்த மரபணுவைத் தட்டினால் என்ன ஆகும் என்று ஓரளவு தெரியும்.

பெரிய டேங்கில் ஊற்றிவிட்டால் தானாக நடக்காதா?

நடந்தால் எனக்கு நைட் ஷிஃப்ட் இருக்காது. ஃபிளாஸ்க்கில் ராஜாவாக இருந்த ஸ்ட்ரெய்ன் (பாக்டீரியா வகை) பெரிய டேங்கில் பிச்சை எடுக்கும். முதல் பிரச்சினை காற்று. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் 7, 8 மில்லிகிராம்தான். அடர்த்தியாக வளர்ந்த பாக்டீரியா அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். விடாமல் காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது சூடு. கோடிகோடியாக மூச்சுவிடும் உயிர்கள் வெப்பத்தைக் கக்கும். டேங்க் பெரிதாக ஆக, கொள்ளளவு கூடும் வேகத்தில் வெளிப்பரப்பு கூடாது, சூடு உள்ளேயே தேங்கும். மே மாதத்தில் எங்கள் கூலிங் டவர் தண்ணீரே 32 டிகிரிக்கு வந்துவிடும். டேங்க்கை 35-ல் வைக்க வேண்டும் என்றால் சில்லர் என்ற குளிரூட்டும் இயந்திரத்தைப் போட்டே ஆக வேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்து மேனேஜர் முகம் போகும் போக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, ஃபேஜ். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ். ஒருநாள் ராத்திரி இரண்டரை மணி. கரைந்த ஆக்சிஜன் கிராஃப் 30 சதவீதத்தில் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 90-ஐத் தொட்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் "அண்ணே, ஆக்சிஜன் நல்லா ஏறியிருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஆக்சிஜன் ஏறுகிறது என்றால் அதை எடுத்துக்கொள்ள உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். சாம்பிள் எடுத்தேன். பாலாடை நிறத்தில் கெட்டியாக இருக்க வேண்டியது, கஞ்சித் தண்ணீர் மாதிரி தெளிந்து, குச்சியால் தூக்கினால் நூல் விட்டது. வெடித்துச் செத்த செல்களின் டி.என்.ஏ. அது. மொத்த பேட்சையும் நீராவி விட்டுக் கொன்று கழிவுநீர்க் குழாயில் விட்டோம். அடுத்த மூன்று வாரம் தரை, கதவுக் கைப்பிடி, செருப்பு எல்லாவற்றுக்கும் பிளீச்சிங். எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

விளைந்த பிறகு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

லிட்டருக்கு 135 கிராம் என்பது உலக சாதனை மாதிரி கேட்கும். மீதி கிட்டத்தட்ட எல்லாம் தண்ணீர், அதில் செத்த பாக்டீரியா, உப்பு, மிச்சச் சர்க்கரை. புரோபேன்டையால் தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடும், எண்ணெய் மாதிரி மேலே வந்து மிதக்காது. கொதிநிலை 214 டிகிரி. அதனால் முதலில் வடிகட்டி, உப்பை நீக்கி, தண்ணீரை எல்லாம் ஆவியாக்கி, அதற்கப்புறம் காய்ச்சி வடிக்க வேண்டும். நூல் தயாரிப்பவர்கள் துளி அழுக்கு இருந்தாலும் நூல் மஞ்சளாகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் இந்தப் பகுதி ஒரு பத்தியில் முடிந்துவிடும். ஆலையில் பாதி இடத்தை இதுதான் அடைத்துக்கொள்ளும்.

லாக்டிக் அமிலத்தில் வேறு கூத்து. மாவு அதிகம் புளித்தால் பாக்டீரியா தானே அடங்கிவிடும். டேங்கிலும் அப்படித்தான், எனவே சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் கந்தக அமிலம் விட்டு லாக்டிக் அமிலத்தைப் பிரித்தால், ஒரு டன் அமிலத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் ஜிப்சம் கூடவே வரும். இதனால் அமிலத்தைத் தாங்கும் ஈஸ்ட் பக்கம் போனவர்களும் உண்டு. பாக்டீரியாதான் எப்போதும் ஜெயிக்கும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

யாரும் செய்யாத அந்த ஸ்பான்டெக்ஸ் பொருள் என்ன ஆயிற்று?

ஜெனோமாட்டிகா என்ற கலிஃபோர்னியா நிறுவனம் கணினியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாதைகளைப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஈ.கோலைக்குள் கட்டியது. 2011-ல் அவர்கள் வெளியிட்ட அளவு லிட்டருக்கு 18 கிராம். 2016-ல் இத்தாலியில் நோவாமோன்ட் நிறுவனம் இதே நுட்பத்தில் ஆண்டுக்கு 30,000 டன் ஆலையைத் திறந்தது.

பெட்ரோலிய விலைக்கு இது ஈடுகொடுக்குமா?

எண்ணெய் விலையைப் பொறுத்தது, அதுதான் இந்தத் தொழிலின் வயிற்றெரிச்சல். கனடாவின் சார்னியாவில் பயோஆம்பர் என்ற நிறுவனம் 2015-ல் பெட்ரோலியத்திலிருந்தும் செய்யக்கூடிய சக்சினிக் அமிலத்தை ஆண்டுக்கு 30,000 டன் தயாரிக்கும் ஆலையைத் திறந்தது. அதற்கு முந்தைய வருடத்தின் நடுவில் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்தது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே. சக்சினிக் அமிலத்துக்கு எதிர்பார்த்த சந்தையும் உருவாகவில்லை. 2018-ல் நிறுவனம் திவால். அவர்களின் உயிர் (கடைசியில் ஈஸ்ட்டுக்கு மாறியிருந்தார்கள்) தன் வேலையைச் செய்யத்தான் செய்தது. என்னைக் கேட்டால், பெட்ரோலியம் ஏற்கெனவே மலிவாகச் செய்யும் ஒன்றையே சர்க்கரையில் செய்து காட்டுவதில் பெரும்பாலும் பிழைப்பில்லை. புரோபேன்டையால் மாதிரி, பெட்ரோலியத்துக்கே தடுமாற்றமான பொருளைப் பிடிக்க வேண்டும்.

ஜீன்ஸ் நீலத்தையும் பாக்டீரியாவில் செய்யலாமாமே?

செய்தார்கள், அதுவும் தற்செயலாக. 1983-ல் ஆம்ஜென் நிறுவன ஆய்வாளர்கள், நாப்தலீனை (அந்துருண்டைப் பொருளை) சிதைக்கும் மரபணுக்களை ஈ.கோலைக்குள் வைத்தபோது தட்டில் இருந்த காலனிகள் நீலமாகிவிட்டன. ஈ.கோலை உண்டாக்கும் இண்டோல் என்ற பொருளை அந்தப் புதிய நொதி மாற்றிவிட, காற்று பட்டு அது இண்டிகோ என்ற ஜீன்ஸ் நீலம் ஆகிவிட்டது. பிறகு சர்க்கரையிலிருந்து செய்யவும் வழி கண்டார்கள். கூடவே வந்த சிவப்புச் சாயல் தொல்லை கொடுத்தது, விலையில் ரசாயன இண்டிகோவை முந்த முடியவில்லை. அந்த ரசாயன இண்டிகோதான் 1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். சந்தைக்குக் கொண்டுவந்து இந்திய அவுரித் தோட்டங்களைக் கவிழ்த்தது. இன்றும் திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிடுகிறார்கள். இலையை ஊறவைத்து, காற்றுப்பட அடித்து நீலத்தை இறக்கும்போது கடைசியில் நடக்கிற வேதியியல், அந்த ஈ.கோலை தட்டில் நடந்த அதேதான்.

சாப்பிடும் சோளத்தையும் கரும்பையும் இதற்குக் கொடுப்பது நியாயமா?

நியாயமான சந்தேகம். வைக்கோல், கரும்புச் சக்கை என்று பேச்சு ரொம்ப நாளாக ஓடுகிறது, அதிலிருந்து சுத்தமான சர்க்கரை எடுப்பதே தனிச் செலவு. எனக்கு நம்பிக்கை தருவது சர்க்கரையே இல்லாத வழி. முயல் புழுக்கையிலிருந்து பிரித்தெடுத்த கிளாஸ்ட்ரிடியம் என்ற இனத்து பாக்டீரியா ஒன்று கார்பன் மோனாக்சைடைத் தின்று வாழும், நமக்கு விஷமான அதே வாயுவை. லான்சாடெக் நிறுவனம் அதை வைத்து, 2018-ல் சீனாவின் ஓர் இரும்பாலைப் புகையிலிருந்து எத்தனால் தயாரிக்கத் தொடங்கியது. நம் பானிபட்டில் இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயுவுக்கும் இதே நுட்பம் வந்திருக்கிறது. 2022-ல் அதே பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி அசிட்டோன் எடுத்துக் காட்டினார்கள். வைஸ்மன் பாக்டீரியாவும் கிளாஸ்ட்ரிடியம்தான், அதற்கு இது உறவுக்காரன்.

அப்போது இது சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

பொருளுக்குப் பொருள் மாறும். பெட்ரோலிய வழியை விடப் புரோபேன்டையாலுக்கு 40 சதவீதம் குறைந்த ஆற்றல் போதும் என்று தயாரித்த நிறுவனமே சொன்னது. சோளத்துக்குப் போட்ட உரம், ஆவியாக்கிய தண்ணீர், கொதிகலனில் எரித்தது நிலக்கரியா என்பதை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். "பயோ" என்ற ஒட்டுச்சீட்டை மட்டும் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

தப்பித்து வெளியே போனால்?

பொதுவாகச் செத்துவிடும். நமக்காகச் சர்க்கரையை வாரிக் கொடுக்கப் பழக்கப்படுத்தப்பட்ட பாக்டீரியா, சாக்கடையில் இருக்கும் தெருச் சண்டியர்களோடு போட்டி போட முடியாது. அதற்காக அலட்சியமும் கிடையாது. கழிவை வெப்பத்தால் கொன்ற பிறகே வெளியே விட வேண்டும். இந்தியாவில் 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் இதற்குப் பொருந்தும். நிறுவனத்துக்குள் ஓர் உயிரிப் பாதுகாப்புக் குழு, அதற்கு மேல் மத்திய அரசின் குழுக்கள் என்று அடுக்காக அனுமதி வாங்க வேண்டும். ஃபைல் வேலை நிறைய. நான் குறை சொல்ல மாட்டேன்.

உயிருக்குக் காப்புரிமை வாங்கலாமா?

அமெரிக்காவில் அந்தக் கதவைத் திறந்தவர் நம்ம ஊர்க்காரர், வங்காளத்து ஆனந்த மோகன் சக்கரவர்த்தி. எண்ணெயைச் சிதைக்கும் ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியாவை உருவாக்கிக் காப்புரிமை கேட்டார். மறுத்தார்கள். 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் கொடுக்கலாம் என்றது. இந்தியாவிலும் மனிதர் மாற்றியமைத்த நுண்ணுயிருக்கு வாங்கலாம், இயற்கையில் இருப்பதை அப்படியே எடுத்து வந்தால் கிடையாது.

இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி, கெமிக்கல் இன்ஜினீயரிங் எதுவானாலும் சரி. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் உயிரித் தொழில்நுட்ப உற்பத்தியை வளர்க்க பயோஇ3 என்ற கொள்கையை அறிவித்த பிறகு கல்லூரிகளில் புதுப்புது பெயர்களில் கோர்ஸ் வருகிறது. பெயரைப் பார்க்காதீர்கள், பத்து லிட்டர் ஃபெர்மென்டராவது (பாக்டீரியா வளர்க்கும் டேங்க்) ஒன்று ஓடும் நிலையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். கண்ணாடி அலமாரியில் பளபளவென்று புதிதாக இருந்தால் யாரும் தொட்டதில்லை என்று அர்த்தம். குழாய்களில் பழுப்புக் கறையும், பக்கத்தில் நுரையடக்கும் எண்ணெய்ப் பாட்டிலும், மூலையில் யாரோ விட்டுப்போன டீ டம்ளரும் இருந்தால் தைரியமாகச் சேருங்கள். டம்ளர் அங்கே இருக்கக் கூடாது, அது வேறு விஷயம்.